ஆடு முகர்ந்துவிட்டுப் போன டியூலிப்

மகன், முதலில் ஸலாம். நின்றுகொண்டு வாசிக்கிறாய் என்றால் ஓரிடத்தில் உட்கார்ந்துகொள். வேலையை விடுகிறேன் என்று மனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருப்பதாகவும், மாதக் கடைசியில் கொடுக்கப்போவதாகவும் சொன்னாயே, அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு இதை வாசி. வாசித்து முடித்த பிறகும் கொடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் கொடு. வாசிக்காமல் மட்டும் கொடுத்துவிடாதே. உன்னை வளர்த்த இருபத்துநான்கு வருடத்தில் நான் உன்னை அதட்டியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன், கெஞ்சியதில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

விஷயத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டவுடன் என் வாய் தன்பாட்டில் ஓடத் தொடங்கிவிட்டது. முதல் தடவை நீ, "டியூலிப் எப்பிடி சாச்சா?" என்று கேட்டாய். "இன்னும் ரெண்டு மொட்டு உட்டிரிக்கி மனெ" என்றேன். இரண்டாம் தடவை மொட்டு ஐந்தாயிற்று. மூன்றாம் தடவை கிழங்கு பக்கத்தில் குட்டி போடுகிறது என்றே சொல்லிவிட்டேன். நான்காம் தடவை எடுத்தால் பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருது வரை கடற்கரை முழுவதும் டியூலிப் பூத்துவிடும் என்று பயந்துதான் கடதாசியை எடுத்தேன். எழுதும்போது வாய் மூடியிருக்கிறது. அது எனக்குப் பெரிய உதவி.

ஊர் வாசிகசாலைக்காரர்கள் நடத்தும் மாத இதழுக்கும் இதையே கொடுக்கிறேன். உனக்கு அது பிடிக்காது, தெரியும். ஆனால் பொய்யை நான் உன்னிடம் மட்டுமா சொன்னேன்? மீன் சந்தையில் சொன்னேன், தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற இடத்திலும் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாரும் இந்த இதழை வாசிக்கிறவர்கள். உண்மையும் அவர்கள் கைக்குப் போகட்டும். இதழ் அச்சாகும் முன் உனக்குப் போனில் படமெடுத்து அனுப்பிவிடுவேன். நான் எட்டாம் வகுப்பில் ஆறு மாதம் மட்டும் இருந்தவன். எழுத்துப் பிழைகளை இதழ்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்றப் பிழையை நான்தான் திருத்தவேண்டும்.

நம்மைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ என் நானாவின், அதாவது என் மூத்த சகோதரரின், மகன். நானாவும் நானும் ஒரு வீட்டில் அக்காவையும் தங்கச்சியையும் கலியாணம் முடித்தோம். நம்முடைய வழக்கப்படி மாப்பிள்ளைமார் நாங்கள்தான் பெண்வீட்டுக்குக் குடிவந்தோம். ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. நானா மௌத்தாகி அடக்கம் செய்தபோது உனக்கு மூன்று வயது. அன்றிலிருந்து கிணற்றுக்கு அந்தப் பக்கம் உன் உம்மா, இந்தப் பக்கம் உன் சாச்சி, இரண்டு பக்கமும் நீ. அல்லாஹ் எனக்குத் தனியாக ஒரு பிள்ளை தரவில்லை, தந்திருந்தாலும் அவன் இரண்டாவது பிள்ளையாகத்தான் இருந்திருப்பான். தொழில் மீன். மீனை விட அதிகமாக ஐஸ். என் ஐஸ் படாத அறக்குளா இந்தக் கரையில் ஒன்றும் கிடையாது. கடலிலேயே அவை என்னைக் கண்டால் உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும் என்று ஒரு தடவை சொன்னேன்; நீ சிறுபிள்ளை, நம்பிவிட்டாய். நம்பிக்கேட்க ஒரு ஆள் இருந்ததால்தான் எனக்கு இந்தப் பழக்கம் முற்றிப்போனது என்று இப்போது நினைக்கிறேன்.

நீ இங்கிலாந்துக்குப் போன முதல் வருடம் மாரிகாலத்தில் உன் குரல் சரியாக இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, வெயில் என்ற பெயரில் ஒரு சாம்பல் வருகிறது என்று சொல்வாய். உம்மா போனை வைத்துவிட்டுக் கிணற்றடியில் சும்மா நிற்பார். பிறகு உனக்கு அந்தப் பூங்கன்றுப் பண்ணையில் வேலை கிடைத்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் ஒரு குரல் பதிவு அனுப்பினாய். நான் அதைச் சந்தையில் ஐஸ் உடைத்துக்கொண்டே கேட்டேன். "சாச்சா, நீங்க நம்ப மாட்டீங்க. ஐசுக்குள்ளால பூ வருது! மண்ணு இன்னும் கல்லு மாதிரிக் கெடக்கு. ஆனா மஞ்சளா, ஊதாவா, முளைச்சித் தலையை நீட்டுது. இதுக்கெல்லாம் ஆரு சொன்ன, குளிர் முடியப் போகுதெண்டு?" அந்தப் பதிவை நான் இருபது தடவை கேட்டிருப்பேன். சரி, ஏழெட்டுத் தடவை. பூவுக்காக இல்லை. உன் குரலில் பழைய பிள்ளை திரும்பி வந்திருந்தான்.

அந்தப் பிள்ளையை ஒரு தடவை நான் கெடுத்திருக்கிறேன். அதை இதுவரை நாம் இருவரும் கதைத்ததில்லை. உனக்குப் பதினாறு வயது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் கிணற்றுக்கும் வாசல் படலைக்கும் நடுவில் மதிலோரமாகச் செவ்வந்தி போட்டாய். களப்புச் சேறு அள்ளிவந்து காயவைத்து, மாட்டெரு கலந்து, கடல்மணலையே ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தாய். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் ஒரு ஈர்க்கு. எல்லாம் மொட்டு. அந்த வாரம் எனக்கு மீன் நிறைய வந்தது. ரெஜிபோம் ஐஸ் பெட்டிகளைச் சந்தையில் அடுக்க இடமில்லாமல் அந்த மதிலோரத்தில் அடுக்கினேன். ஐஸ் உருகிய தண்ணீர், உப்பும் மீன் இரத்தமும் கலந்த தண்ணீர், ஒரு வாரம் முழுக்க உன் பாத்திக்குள் வடிந்தது. செடிகள் நின்ற நிலையிலேயே கருகின. நீ சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டு முடித்திருப்பேன். நீ, "பொட்டியக் கொஞ்சம் அங்கால வெச்சிரிக்கலாமே சாச்சா" என்று மட்டும் கேட்டாய். நான், "பூவ அவிச்சித் தின்னவா போறாய்? போய்க் கொமர்ஸ் படிக்கிற வேலையைப் பாரு" என்றேன். நீ செத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைக் கழுவி, கிணற்றுக்கட்டில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு கொமர்ஸ் படித்தாய். எவ்வளவு சுற்றிப் போய் உன் கை மறுபடி மண்ணுக்குள் வந்திருக்கிறது பார்.

ஆகையால் போன ஐப்பசியில் மருதமுனைக்காரர் ஒருவர் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய பையை அவிழ்த்து, உள்ளே பன்னிரண்டு டியூலிப் கிழங்கைக் கண்டபோது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நீ ஊகித்துக்கொள். இது அந்தச் செவ்வந்திக்கு நான் ஏதாவது செய்ய அல்லாஹ் தந்த தருணம் என்று எடுத்துக்கொண்டேன். நீ போனில் தெளிவாகத்தான் சொன்னாய்: "சாச்சா, இதுக்குக் குளிர்காலம் வேணும். மூணு மாசம் பிரிட்ஜுக்குள்ள, கீழ்த் தட்டில, கடதாசிப் பையில வைங்க. பழம் கிட்ட வைக்க வேணாம். ஈரம் படக்கூடா." பிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். கீழ்த் தட்டில் உன் சாச்சியின் தேசிக்காயும் வாழைப்பழமும் மாம்பழமும் இருந்தன. மேலும், எனக்கு ஒருவன் குளிரைப் பற்றிப் பாடம் எடுப்பதா? முப்பத்தைந்து வருடமாக நான் குளிரை விற்கிறவன். மீனைப் பெட்டியில் அடுக்குவதற்கு ஒரு முறை உண்டு: அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், மறுபடி மீன், கடைசியில் ஈரச் சாக்கு. அந்த முறையில் நாலு நாள் வைத்த பாரையை நேற்றுப் பிடித்தது என்று கொழும்பு லொறிக்காரன் சத்தியம் செய்வான். பாரையையே ஏமாற்றுகிற எனக்கு வெங்காயம் அளவு கிழங்கை இங்கிலாந்தில் இருப்பதாக நம்பவைப்பது பெரிய வேலையா? பன்னிரண்டையும் ஒரு துணிப்பையில் கட்டி, அறக்குளாவுக்கும் சூரைக்கும் நடுவில் படுக்கவைத்தேன்.

மூன்று மாதமும் காலையில் நானே என் கையால் புது ஐஸ் போட்டேன். தை பிறந்ததும் மழை கொஞ்சம் விட்டது. நல்ல நாள் பார்த்து, உன் உம்மாவிடம் ஆறு சட்டி வாங்கி, சட்டிக்கு இரண்டாக நட்டேன். கிழங்கு கொஞ்சம் நொழுநொழு என்றுதான் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். உன் சாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இஞ்சருங்க, இது பூக்கிற சாமானா, கருவாடு போடுற சாமானா?" என்று கேட்டாள். "நீ பொறுத்துப் பாரு, ஊரே உன்ட வாசல்ல நிக்கும்" என்றேன். மறுநாள் ஸுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஊர் நின்றது உண்மைதான், ஊர்ப் பூனைகள். வெள்ளை, கறுப்பு, வரி போட்டது, வால் இல்லாதது, நாற்பது பூனை இருக்கும். குறைத்துச் சொல்லு என்று சாச்சி பக்கத்தில் நின்று சொல்கிறாள்; ஒன்பது பூனை. ஆறு சட்டியையும் கவிழ்த்து, கிழங்கைக் கிளறி எடுத்து, தின்னவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் நக்கிக்கொண்டு இருந்தன. கிழங்குகளைக் கையில் எடுத்தேன். விரலுக்குள் கூழாக வழிந்தது. மனெ, உப்பு ஐஸ் தண்ணீரால் நான் கொன்ற உன்னுடைய இரண்டாவது தோட்டம் அது.

அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்று மாதமாக நான் சும்மா இருந்தேனா? கல்முனையில் மாசியில் டியூலிப் பூக்கும் என்று பார்க்கிற ஆளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். தேத்தண்ணிக் கடையில் தினமும் கேட்டார்கள். "என்ன மச்சான், உங்கட இங்கிலாந்து வெங்காயம் முளைச்சிட்டா?" "மொளைச்சாச் சொல்லுங்க, சோத்துக்கு ஒரு ஆணம் வைப்பம்." ஒருவன், "அவர்ர ஐஸ்ல இரிந்திச்செண்டா அது இப்ப மீனாகிப் போயிரிக்கும்" என்றான். கடையே சிரித்தது. அவன் சொன்னது ஏறக்குறைய சரி என்பதுதான் என்னைக் குத்தியது. அன்று, மாசி பிறந்த வாரம், பஸாரில் அலங்காரச் சாமான் விற்கும் ஒரு பென்ஸிக் கடை வாசலில் பிளாஸ்டிக் டியூலிப் தொங்கியது. சிவப்பு ஆறு, மஞ்சள் ஆறு. கணக்காகப் பன்னிரண்டு. இது எனக்கென்றே வந்தது போல இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து, சட்டிகளில் மண்ணை நிரப்பி, நட்டு, வாயில் தண்ணீர் எடுத்து மேலே ஊதி, பனித்துளி மாதிரி நின்றபோது படம் எடுத்தேன். உன் சாச்சிக்குத் தெரியும். அவள், "அல்லாவுக்குப் பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்று சட்டியைக் கொஞ்சம் நகர்த்தியும் தந்தாள். இதில் அவளுடைய பங்கு அவ்வளவுதான்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்களுக்குப் போனில் காட்டி அவர்கள் வாயை அடைப்பதோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கும் அனுப்பினேன். நீ உடனே எடுத்தாய். "சாச்சா... எங்கட மண்ணிலயா?" என்றாய். அந்த நேரத்தில் "இல்லை மனெ" என்று இரண்டு சொல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஓம் மனெ, எங்கட மண்ணுலதான்" என்றேன். மண் நம்முடையதுதான். அதற்குப் பத்து நாள் கழித்து நீ உன் முடிவைச் சொன்னாய். வேலையை விட்டுவிட்டு வருகிறாய். இரண்டு பெட்டி கிழங்கு கொண்டுவருகிறாய். கலியாண வீடுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இந்தக் கரையிலேயே டியூலிப் வளர்த்துக் கொடுக்கப்போகிறாய். "சாச்சாவால ஏலுமெண்டா எனக்கு ஏலாதா?" என்று சிரித்தாய். உன் உம்மா மறுநாளே உன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூப்பிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சரி, கொஞ்சம் குறைவாக இறங்கியது.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கிணற்றடிக்குப் போனேன். உன் உம்மா உன் கட்டில் சட்டங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வாளியை எடுத்து இரண்டு தடவை தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாளியில்தான் வார்த்தை வந்தது. "மதினி, அந்தப் பூவு இரிக்கில்லயா..." என்று தொடங்கினேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "பிளாஸ்டிக்குப் பூவா?" என்று கேட்டார்.

வாளி என் கையை விட்டுக் கிணற்றுக்குள் போய்விட்டது.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"தெருவில திரியிற அந்தக் கறுத்த ஆடு இரிக்கே, அது நான் உடுக்கிற பிடவையை உட்டு வெச்சிரிக்கா? வேலியில காயப்போட்ட பாயைத் தின்னும். உங்கட பூவைப் படம் எடுத்த அண்டைக்கு அது வந்து, ஒவ்வொரு சட்டியா மோந்து பாத்திச்சி. மோந்திட்டு, என்னை ஒரு பார்வை பாத்திட்டுப் போயிட்டு. ஆடு வேணாமெண்டு உட்டிட்டுப் போனது பூவா தம்பி?"

"பொறகு ஏன் நீங்க வாயே தொறக்கல்ல?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "மூணு வருசமா நான் அவன்ட முகத்தைப் போனுக்குள்ளதான் பாக்கிறேன். வாறன் எண்டு சொன்னான். பிளாஸ்டிக்குக்கு வந்தாலும் என்ட புள்ள வந்தாச் சரி எண்டு இரிந்திட்டன். உங்களுக்கு மட்டுந்தானா தம்பி பொய் சொல்ல ஏலும்?" என்றார்.

நான் கிணற்றுக்கட்டில் குனிந்து வாளி எங்கே போனது என்று பார்த்தேன். பொய்யில் என்னை ஒருவர் தோற்கடித்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், சாட்சிக்கு உன் உம்மாவைக் கேள். பிறகு அவரே சொன்னார்: "ஆனாச் சொல்லத்தான் வேணும். அவன் ரெண்டு பொட்டியோட வந்து எறங்கி, நம்பி நட்டு, அதுவும் கூழாப் போச்செண்டா, பொறகு இந்த மண்ணையே அவனுக்குப் பிடிக்காமப் போயிரும். எழுதுங்க. நானும் தெரிஞ்சுகொண்டு இரிந்தன் எண்டும் எழுதுங்க." எழுதிவிட்டேன். நீ கோபப்படுவதென்றால் எனக்கு முக்கால் பங்கும் அவருக்குக் கால் பங்கும் வை. ஆட்டுக்கு ஒன்றும் வேண்டாம். இந்த வளவில் பொய் சொல்லாத ஒரே சீவன் அதுதான்.

பொய்யைச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு நிற்க எனக்கு மனமில்லை. மறுநாள் காலையில் சந்தைக்குப் போகாமல் சைக்கிளை எடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக மீனைத் தவிர வேறொன்றைத் தேடி இந்த ஊரைச் சுற்றினேன். மாரி முடிந்து வெயில் முற்றுமுன், மாசியில், இங்கேயும் ஒரு பூக்காலம் இருக்கிறது மனெ. அதை யாரும் படம் எடுப்பதில்லை, அவ்வளவுதான். கடற்கரையில் தோணிகளுக்கு இந்தப் பக்கம் அடம்பன் கொடி மணல் மேலே ஓடி, ஊதாப் பூவை வாய் திறந்து வைத்திருக்கிறது. எட்டு மணிக்கு முன் போகவேண்டும். வெயில் ஏறினால் சுருங்கிவிடும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், பின்னேரம் கீழே விழும்போது கறுத்த சிவப்பு. ஒரே நாளில் இரண்டு பூ மாதிரி. கிட்டங்கிப் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். தண்ணீர் முழுக்க மிதக்கும் ஆற்றுவாழை தோணிப் பாதையை அடைத்துவிட்டது என்று நாம் வருடம் முழுவதும் ஏசுகிறோமே, அதன் பூவைக் குனிந்து பார்த்திருக்கிறாயா? மயில் தோகைக் கண்ணை வெட்டி ஒட்டியது போல நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. நான் முப்பது வருடம் அந்தப் பாலத்தால் போய்வந்திருக்கிறேன். அறுவடை முடிந்த வயலோரத்தில் முள்முருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டுச் செந்தணலாக நிற்கிறது. மைனாக்கள் அதில் கலியாண வீட்டுச் சத்தம் போடுகின்றன. திரும்பிவரும் வழியில் மாம்பூ வாசம். நீ சொன்னாயே, குளிர் முடியப்போகிறது என்று பூவுக்கு யார் சொன்னது என்று. மழை முடிந்தது என்று இவற்றுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டில் வைக்கக்கூடியதையும் கேட்டுக்கொண்டு வந்தேன். பாண்டிருப்பில் கோயில் வாசலில் பூமாலை கட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் கேட்டேன். முதலில் என்னைப் பார்த்துவிட்டு, "மீன்கார மாமா பூவுக்கு வந்திரிக்கார், மழை வரப்போகுது" என்று பக்கத்துக் கடைக்குச் சத்தம் போட்டுச் சொன்னார். பிறகு பொறுமையாகவே சொல்லித்தந்தார். இந்த மணலுக்குச் செவ்வரத்தையும் கடதாசிப் பூவும் கண்ணை மூடிக்கொண்டு நடலாம். பட்டிப்பூவை நடவே தேவையில்லை, சீமெந்து வெடிப்பிலிருந்தே வரும். மல்லிகைக் கொடியை இப்போது கத்தரித்துவிட்டால் சித்திரையில் கொட்டும். செவ்வந்தி விரும்பினால் சட்டிக்கு அடியில் தேங்காய் உரித்த பொச்சைப் போட்டு, அதற்கு மேல் மண்ணும் எருவும். பொச்சு தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பெரிய விஷயம் இதுதான் என்று விரலை நீட்டினார்: "உப்புத் தண்ணி கிட்டயும் வரப்படா மாமா." எனக்கு அது பதினொரு வருடம் பிந்தி வந்த செய்தி. உனக்கு இதெல்லாம் என்னை விடத் தெரியும். நான் கற்றுக்கொண்டேன் என்று உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இனி நான் சொல்லவந்த புத்திமதி. புத்திமதி சொல்ல இன்று எனக்குத் தகுதி குறைவு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். என் படத்தை நம்பி வேலையை விடாதே. அது பஸாரில் தூசு படிந்து தொங்கிய சாமான். அந்த வேலையில் இன்னும் படிக்க இருக்கிறது என்று நீயே சொன்னாய். அந்த மனேஜர் உன்னை நம்பி ஒரு கண்ணாடி வீட்டையே கையில் தந்திருக்கிறார் என்றும் சொன்னாய். அங்கே இருக்கவே முடியவில்லை, மனசு இங்கேதான் கிடக்கிறது என்றால் அதைச் சொல்லிக்கொண்டு வா. அதற்கு டியூலிப் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. வந்து பூத்தோட்டம்தான் போடப்போகிறாய் என்றால், இந்த மண் தானாகக் கொடுப்பதைக் கேட்டுப் போடு. கொடுக்காததைக் கேட்டு அதை ஏமாற்றப்போகிறவன் கடைசியில் சட்டிக்குள் பூனையைத்தான் வளர்ப்பான். இரண்டும் இல்லை, உம்மாவை ஒரு தடவை நேரில் பார்க்கவேண்டும் என்றுதான் உள்ளுக்குள் இருக்கிறது என்றால், லீவு போட்டுக்கொண்டு வா. எனக்கு என்னவோ உன் முடிவுக்குக் கீழே இருந்தது இந்த மூன்றாவதுதான் என்று படுகிறது. நான் படத்தைக் காட்டியதும் அதற்கு டியூலிப் என்று ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

உன் அறையின் சுண்ணாம்பு வேலையை நாங்கள் நிறுத்தவில்லை. அது நடக்கிறது. நான் செய்த இன்னொரு காரியத்தையும் கேள். படலையோரத்து மதிலடியிலிருந்து ஐஸ் பெட்டி முழுவதையும் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோய்விட்டேன். அந்த இடத்து உப்பு மண்ணை முழங்கால் அளவுக்கு வெட்டி எடுத்து, களப்புச் சேறும் எருவும் கொட்டியிருக்கிறேன். தனியாகவே வெட்டினேன் என்று எழுதத்தான் கை வருகிறது. இரண்டு பேர் வந்து வெட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று எப்படி வெட்டவேண்டும் என்று சொன்னேன். பாத்தி வெறுமையாக இருக்கிறது. அதில் நான் ஒன்றும் நடமாட்டேன். அது உன் இடம். நீ இந்த வருடம் வந்தாலும் சரி, ஐந்து வருடம் கழித்து வந்தாலும் சரி, அங்கே ஒரு பெட்டி வைக்கப்படாது.

கடைசியாக ஒன்று. கிணற்றடியில் உம்மா கால் கழுவும் கல்லுக்குப் பக்கத்தில் வெங்காயத்தாள் மாதிரி ஒரு புல் நிற்குமே, நல்ல மழை பெய்து நாலாம் நாள் இளஞ்சிவப்பாகப் பூக்குமே, அதை நாம் மழைப்பூ என்போம். சின்ன வயதில் நீ அதை எண்ணுவாய். நேற்று உம்மா அதைத் தோண்டி எடுத்தார். அடியில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறாய்? கிழங்கு. உன் டியூலிப்பைப் போலவே, கொஞ்சம் சின்னது. குளிரும் வேண்டாம், பிரிட்ஜும் வேண்டாம். இத்தனை வருடமாக நம் கால் கழுவிய தண்ணீரில் கிடந்திருக்கிறது. அந்தப் பூமாலை அம்மாவிடம் கேட்டதற்கு, அதைக் கொஞ்ச நாள் காயவிட்டு ஒரே நாளில் வாரி ஊற்றினால், மழைதான் பெய்துவிட்டது என்று நம்பிப் பூத்துவிடும் என்றார். உம்மா பன்னிரண்டு கிழங்கை அந்த ஆறு சட்டியில், சட்டிக்கு இரண்டாக வைத்து, மழை படாதபடி முன் தாழ்வாரத்துக்குள் நிறுத்தியிருக்கிறார். ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று உத்தரவு. ஆகவே நீ எங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்றுதான். எப்போது வருகிறாயோ, அந்தத் திகதி. அதற்கு நாலு நாள் முன்னதாக உம்மா ஒரு வாளி தண்ணீர் எடுப்பார். கிணற்றில் விழுந்த வாளியை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ படலையைத் திறக்கும்போது பூத்திருக்கும். இந்தப் பூவை நான் படம் எடுத்து அனுப்பமாட்டேன். நீ வந்துதான் பார்க்கவேண்டும். அதுவரைக்கும் அந்த ஆட்டைத் தடியோடு விரட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் காவல் இருக்கிறேன். இந்தத் தடவை அது முகர்ந்துவிட்டுப் போகாது.

உன் சாச்சா